கையில் ரொக்கம் வேண்டுமா? சில்லறை வேண்டும்

சென்னையில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஏடிஎம் பக்கம் போய் எட்டு மாதம் ஆகிவிட்டதாம். காய்கறி, ஆட்டோ, முடிவெட்டு, தெருமுனைப் பிள்ளையார் கோயில் காணிக்கை வரை எல்லாம் கைபேசியிலேயே முடிந்துவிடுகிறது. ஊரில் இருக்கும் அப்பாவோ ஒவ்வொரு முறை வழியனுப்பும்போதும் நான்கு ஐந்நூறு ரூபாய்த் தாள்களைச் சட்டைப்பையில் திணிக்கிறார். இந்தக் காலத்திலும் ரொக்கம் வேண்டுமா, அல்லது அப்பாவுடையது வெறும் பழக்கதோஷமா?

நான் முப்பத்தோரு வருடம் வங்கியில் காசாளராக இருந்தவன். கடைசிப் பதினொரு வருடம் பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு சின்னக் கிளையில். நோட்டு எண்ணி எண்ணி ரேகை தேய்ந்து, ரேஷன் கடைக் கருவியில் என் கட்டைவிரல் முதல் தடவையிலேயே பதிந்ததாகச் சரித்திரம் இல்லை. அதற்காக ரொக்கத்துக்கு வக்காலத்து வாங்குவேன் என்று நினைக்க வேண்டாம். பால், செய்தித்தாள், மின்கட்டணம் எல்லாம் நானும் கைபேசியில்தான் கட்டுகிறேன். என் பதில் இதுதான்: அப்பா சொல்வது சரி, அவர் கொடுக்கும் தாள்தான் தவறு.

யுபிஐ 2016 ஏப்ரலில் அறிமுகமானது. அதே வருடம் நவம்பர் 8 இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மதிப்புக் கணக்கில் அது புழக்கத்தில் இருந்த பணத்தில் சுமார் 86 சதவீதம். அந்த வாரங்களில் கவுண்டருக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவன் நான். முதலில் ஆளுக்கு 4,000 ரூபாய்தான் மாற்றிக் கொடுக்கலாம். நூறு ரூபாய்த் தாள் தீர்ந்துபோனதும் புதிய 2,000 ரூபாய்த் தாள் இரண்டைக் கொடுத்தோம். ஒரு பாட்டி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை எங்கே சாமி மாற்றுவது?" என்று கேட்டார். நோட்டை மாற்றத்தான் அவர் மூன்று மணி நேரம் வரிசையில் நின்றிருந்தார். என்னிடம் பதில் இல்லை. 2,000 ரூபாய் நோட்டைத் திரும்பப் பெறுவதாக 2023 மே 19 அன்று ரிசர்வ் வங்கி அறிவித்தபோது எனக்கு அந்தப் பாட்டியின் முகம்தான் நினைவுக்கு வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும். 2025 ஆகஸ்டில் ஒரே மாதத்தில் யுபிஐ பரிவர்த்தனைகள் முதன்முறையாக 2,000 கோடியைத் தாண்டின. அப்படியானால் ரொக்கம் குறைந்திருக்க வேண்டும் அல்லவா? இல்லை. 2016 நவம்பரில் 18 லட்சம் கோடி ரூபாய்க்குச் சற்றுக் குறைவாகப் புழங்கிய பணம், 2025 மார்ச்சில் 36 லட்சம் கோடியைத் தாண்டி நிற்கிறது. இரண்டும் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன. ஏனென்றால் கொடுப்பது வேறு, வைத்துக்கொள்வது வேறு. கொடுப்பதற்குக் கைபேசி வந்துவிட்டது. வைத்துக்கொள்வதற்கு மனிதர்கள் இன்னும் பீரோவைத்தான் நம்புகிறார்கள். இன்றைக்கு இருக்கும் நோட்டுகளின் மதிப்பிலும் ஏறத்தாழ 86 சதவீதம் ஐந்நூறு ரூபாய்த் தாள்களாகத்தான் இருக்கிறது.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. முன்பெல்லாம் டீக்கடைக் கல்லாப்பெட்டியை நிரப்பியது வங்கி அல்ல, வாடிக்கையாளர்கள். காலையிலிருந்து பத்தும் இருபதுமாக வந்து விழும். அதனால் எட்டு மணிக்கு ஒருவர் பெரிய தாளை நீட்டினாலும் கடைக்காரர் முனகிக்கொண்டே மீதி எண்ணிக் கொடுத்துவிடுவார். இப்போது பத்துப் பேரில் எட்டுப் பேர் ஸ்கேன் செய்துவிட்டுப் போகிறார்கள். கல்லாவுக்குச் சில்லறை வரும் வழியே அடைந்துவிட்டது. கைபேசி ரொக்கத்தைக் கொல்லவில்லை, சில்லறையைக் கொன்றுவிட்டது. ஆகவே, கைபேசி வேலை செய்யாத அந்த ஒரு நாளில் உங்கள் பையில் நான்கு ஐந்நூறு இருந்தும் ஒரு டீ குடிக்க முடியாது.

இரண்டு வருடம் முன்பு திருச்சி மத்தியப் பேருந்து நிலையத்தில் விடியற்காலை நாலே முக்கால் மணிக்கு எனக்கே நடந்தது. இரவெல்லாம் பயணம், கைபேசியில் சார்ஜ் இல்லை, பையில் ஐந்நூறு மட்டும். டீ பதினைந்து ரூபாய். தாளைப் பார்த்ததும் டீ மாஸ்டர் ஒன்றும் சொல்லாமல் கல்லாவை இழுத்து எனக்குக் காட்டினார். மூன்று பத்து ரூபாய்த் தாள், கொஞ்சம் இரண்டு ரூபாய்க் காசு, ஒரு கற்பூரப் பொட்டலம். "போகும்போது கொடுங்கள் ஐயா" என்றார். நான் அந்த வழியாகத் திரும்பப் போவதில்லை என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். வாழ்நாள் முழுக்கக் கோடிக்கணக்கில் எண்ணிய காசாளன், பதினைந்து ரூபாய்க்குக் கடன் சொல்லிவிட்டு வந்தேன்.

யுபிஐ எப்போது கைவிடும் என்று கேட்டால், அது ஒரு சங்கிலி. உங்கள் செயலி, உங்கள் வங்கி, நடுவில் தேசியப் பணப்பரிவர்த்தனைக் கழகத்தின் இணைப்பு, கடைக்காரரின் வங்கி, கடைசியில் அவர் மேஜையில் கத்தும் அந்தப் பெட்டி. இதில் எந்தக் கண்ணி விட்டாலும் நீங்கள் கவுண்டரில் கைபேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான். 2025இல் மார்ச் 26 அன்றும் ஏப்ரல் 12 அன்றும் நாடு முழுவதும் மணிக்கணக்கில் தடுமாறியது. அதெல்லாம் அபூர்வம், ஒப்புக்கொள்கிறேன். அடிக்கடி நடப்பது ஒற்றை வங்கியின் சர்வர் படுப்பது. அது செய்தியில்கூட வராது.

ஒருமுறை பெட்ரோல் போட்டுவிட்டு 300 ரூபாய் அனுப்பினேன். என் கணக்கில் பணம் போய்விட்டது, பங்க்காரருக்கு வரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிறார், நான் திரையைப் பார்க்கிறேன். போட்ட பெட்ரோலை உறிஞ்சியா திருப்பித் தர முடியும்? பின்னால் கேன்களுடன் நின்ற பால்காரர் மூன்று நூறு ரூபாய்த் தாள்களை எடுத்துக் கொடுத்துவிட்டு, "என் நம்பருக்குப் போட்டுவிடுங்கள்" என்றார். அவருக்கு நான் அனுப்பியது இரவு ஏழு மணிக்குத்தான் போனது. பங்கில் சிக்கிய தொகை மூன்றாம் நாள் திரும்பி வந்தது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதற்குக் கெடு வைத்திருக்கிறது: நபருக்கு அனுப்பியது சிக்கினால் மறுநாளுக்குள், கடைக்கு அனுப்பியது சிக்கினால் ஐந்து நாட்களுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், கேட்டு வாங்குங்கள். ஆனால் எந்தக் கடைக்காரரும் அந்தச் சுற்றறிக்கையை நம்பி உங்களை வெளியே விடமாட்டார்.

யுபிஐ லைட் என்று ஒன்று இருக்கிறதே என்பீர்கள். நல்ல ஏற்பாடு. 5,000 ரூபாய் வரை கைபேசியிலேயே ஒதுக்கி வைத்துக்கொண்டு, ஒரு தடவைக்கு 1,000 ரூபாய் வரை பின் எண் இல்லாமல் கொடுக்கலாம். ஒவ்வொரு முறையும் உங்கள் வங்கிக் கணக்கைத் தொடுவதில்லை என்பதால் வங்கி சர்வர் தூங்கினாலும் இது ஓடும். சிக்னலும் சார்ஜும் இல்லையென்றால் இதுவும் சாதாரணமாக ஓடாது.

இரண்டும் இல்லாத நாள் எப்படி இருக்கும் என்பதை நான் 2018 நவம்பர் 16 அன்று பார்த்தேன். கஜா புயல் விடியற்காலையில் கரை கடந்தது. விடிந்தபோது எங்கள் பகுதியில் நிற்கிற தென்னை கிடையாது, நிற்கிற மின்கம்பம் கிடையாது. கைபேசிக் கோபுரங்கள் ஒரு நாள் பேட்டரியில் ஓடிவிட்டு அடங்கின. கிளையைத் திறந்தோம், பெட்டகத்தில் பணம் இருந்தது, கணினி எழவில்லை, எழுந்தாலும் இணைப்பு இல்லை. வெளியே ஊரே நின்றது. இரும்புப் பெட்டியில் லட்சக்கணக்கில் வைத்துக்கொண்டு கையை விரித்த அனுபவத்தை வேறு எந்த உத்தியோகமும் தராது. ஏடிஎம் இருந்த அறையில் யாரோ ஆட்டைக் கட்டியிருந்தார்கள்.

அந்த நாட்களில் எதற்குப் பணம் வேண்டியிருந்தது தெரியுமா? தார்ப்பாய். மெழுகுவர்த்தி. கொசுவர்த்தி. வாசலில் விழுந்த மரத்தை அறுக்க ஆள் கூலி. ஜெனரேட்டரை வண்டியில் ஏற்றிக்கொண்டு தெருத்தெருவாக வந்தார்கள். மேல்நிலைத் தொட்டி நிரப்ப ஒரு தொகை, கைபேசிக்கு சார்ஜ் போட ஒரு தொகை. எல்லாம் அந்த நிமிடமே, கையில் கொடுக்க வேண்டும், மீதி கிடையாது. வீட்டில் நூறு ரூபாய்த் தாள்களாக நாலாயிரம் வைத்திருந்தவர் சமாளித்தார். ஐந்நூறாக ஐம்பதாயிரம் வைத்திருந்தவர், முப்பது ரூபாய் மெழுகுவர்த்திக்கு ஐந்நூறை நீட்டி, மீதிக்கு வேண்டாத பிஸ்கட்டாக வாங்கிச் சென்றார். பல கிராமங்களில் கரண்ட் வர வாரக்கணக்கில் ஆனது.

சென்னைக்காரருக்கு இது தொலைதூரக் கதையாகத் தெரியலாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது வேளச்சேரியில் இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். அதே மாதம் தென்மாவட்ட வெள்ளத்தில் செந்தூர் எக்ஸ்பிரஸ் பயணிகள் சுமார் 800 பேர் ஸ்ரீவைகுண்டம் ரயில் நிலையத்தில் சிக்கினார்களே, அங்கே ரொக்கமும் உதவியிருக்காது. பக்கத்து ஊர்க்காரர்கள்தான் சமைத்துப் போட்டார்கள். பணமே வேலை செய்யாத இடமும் இருக்கிறது என்பதற்காகச் சொல்கிறேன். ரொக்கமே அரிதாகிப்போன சுவீடன், 2024இல் வீடுவீடாக அனுப்பிய நெருக்கடிக் காலக் கையேட்டில் வீட்டில் கொஞ்சம் ரொக்கம் வைத்திருங்கள் என்றுதான் தன் மக்களுக்குச் சொல்கிறது. நமக்கு அவர்களைவிடப் புயல் அதிகம்.

புயல் வேண்டாம், ஒரு சாவை எடுத்துக்கொள்வோம். நல்ல விஷயம் அல்லதான், ஆனால் கவுண்டரில் நான் அதிகம் பார்த்தது இதை. வீட்டுத் தலைவர் இரவில் மாரடைப்பில் போய்விடுகிறார். பணமெல்லாம் அவர் கணக்கில். பின் எண் அவரோடு போயிற்று. வங்கிக்குத் தெரிந்த கணத்தில் கணக்கு நிற்கும். வாரிசுதாரர் காகிதங்கள் முடிய நாளாகும். ஆனால் விடிவதற்குள் பந்தல்காரர், பாடை கட்டுகிறவர், பூக்காரர், பறை அடிப்பவர்கள், குழி வெட்டுகிறவர், எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும். அந்த நேரத்தில் கியூஆர் அட்டையைத் தேடி யாரும் நிற்பதில்லை. காலை பத்து மணிக்கு, அழுத முகத்தோடு, கணவரின் பாஸ்புக்கை என் முன் நீட்டிய பெண்களை எனக்குத் தெரியும். நான் கேட்டுக்கொள்வதெல்லாம், வீட்டில் இன்னொருவர் பெயரிலும் பணம் இருக்கட்டும், இன்னொருவர் கைக்கு எட்டும் இடத்திலும் இருக்கட்டும்.

பெண்கள் விஷயத்தில் இன்னொன்று. நம் வீடுகளில் சிறுவாடு என்று ஒரு நிதி அமைச்சகம் இருந்தது. காய்கறி வாங்கிய மீதி, அம்மா வீட்டில் கொடுத்தது, கோழி முட்டை விற்றது, எல்லாம் கடுகு டப்பாவிலும் சுருக்குப்பையிலும் சேரும். பிள்ளையின் பள்ளிச் சுற்றுலாவுக்கும், கணவர் தலைகுனிந்து நின்ற கடன் தவணைக்கும் அதிலிருந்துதான் எடுத்துக் கொடுப்பார்கள். இன்று செலவு அத்தனையும் எஸ்எம்எஸ் ஆக வருகிறது, பல வீடுகளில் அது கணவரின் எண்ணுக்கு வருகிறது. யாருக்கும் கணக்குச் சொல்லாமல் ஐம்பது ரூபாய் வைத்துக்கொள்வது ஒரு சுதந்திரம். அதற்கு இதுவரை தாளும் காசும்தான் வழி.

மொய்யை விட்டுவிட்டு எங்கள் ஊர்க்காரன் பணத்தைப் பற்றி எழுத முடியாது. ஆடி பிறந்தால் பேராவூரணி, வடகாடு, கீரமங்கலம் பக்கம், மொய் வாங்குவதற்கென்றே நடக்கும் மொய் விருந்துப் பந்தல்கள். நோட்டு எண்ணும் இயந்திரம் பந்தலிலேயே இருக்கும், ரசீது கணினியில் அச்சாகும். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் கைபேசியில் செய்கிறார்கள், அதையும் மொய்க் கணக்கு நோட்டில் ஏற்றிக்கொள்கிறார்கள். ஆனால் நேரில் வருகிறவர் கவரில் வைத்துத்தான் கொடுக்கிறார். சாதாரணக் கல்யாண மொய்யில் அந்த ஒற்றை ரூபாய்க்கு இன்றும் அலைச்சல்தான். நூற்றொன்றின் ஒன்று இல்லாமல் நூறு கொடுத்தால் மனம் ஒப்புவதில்லை; அதனால் ஒரு ரூபாய் ஒட்டிய கவரையே கடையில் விற்கிறார்கள்.

கடைக்காரர் பக்கமும் பாருங்கள். 2025 ஜூலையில் பெங்களூரில் சிறு கடைகளுக்கு, யுபிஐ வரவை வைத்து வணிக வரித்துறை ஜிஎஸ்டி நோட்டீஸ் அனுப்பியது. பல கடைகளில் கியூஆர் அட்டை இறங்கி "ரொக்கம் மட்டும்" என்ற தாள் ஏறியது. இன்னொரு தொல்லை, மோசடிப் பணம் எங்கெங்கோ சுற்றி ஒரு கடைக்காரர் கணக்குக்கு வந்துவிட்டால், வெளிமாநிலச் சைபர் குற்றப் பிரிவு கேட்டுக்கொண்டதன் பேரில் கணக்கு முடங்கும். இட்லி விற்றவர் செய்த குற்றம், யாரோ கொடுத்த பணத்தை வாங்கியது. இப்படி ஒருமுறை சூடுபட்டவர் ரொக்கம்தான் கேட்பார். மாட்டுச் சந்தை, ஆட்டுச் சந்தைகளில் இன்றும் பெரிய தொகை கைமாறுவது தாளாகத்தான்.

பஸ்ஸில் இப்போது டிக்கெட் கருவியிலேயே கைபேசியில் கட்டலாம். காலியான பஸ்ஸில் சரி. பீக் நேரத்தில் படிக்கட்டில் தொங்கும்போது கண்டக்டர் உங்கள் திரை சுழன்று முடியும்வரை காத்திருப்பாரா? சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிருக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணமில்லை. நல்ல திட்டம், ஆனால் அதற்கப்புறம் பையில் சில்லறை சேருவதும் குறைந்துவிட்டது என்று ஒரு கண்டக்டர் என்னிடம் குறைப்பட்டுக்கொண்டார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பத்து ரூபாய் நாணயத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். செல்லாது என்று நம் மாவட்டங்கள் பலவற்றில் வருடக்கணக்கில் வதந்தி. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018இலேயே ரிசர்வ் வங்கி அறிவித்துவிட்டது. யாரும் வாங்காத கோபத்தில் 2022இல் தருமபுரி மாவட்டத்துக்காரர் ஒருவர் பத்து ரூபாய் நாணயங்களாகவே சேர்த்து ஆறு லட்ச ரூபாய்க்குக் கார் வாங்கினார். சட்டப்படி ஒரு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள நாணயங்களை 1,000 ரூபாய் வரைதான் கட்டாயமாக வாங்க வேண்டும். கார் விற்றவர் பெருந்தன்மைக்காரர். நீங்கள் தயங்காமல் வாங்குங்கள், தயங்காமல் கொடுங்கள். கிழிந்த நோட்டும் அப்படித்தான்: இருபது ரூபாய் வரையிலான தாளில் பாதிக்கு மேல் இருந்தால் வங்கி முழு மதிப்பும் தர வேண்டும்.

அளவுக்கு மீறி வைத்துக்கொள்வதும் வம்பு. ஒரே ஆளிடமிருந்து ஒரு நாளில் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவது வருமான வரிச் சட்டப்படி தவறு. வாங்கியவருக்கு அதே அளவு அபராதம். தேர்தல் அறிவித்துவிட்டால் 50,000 ரூபாய்க்கு மேல் ஆவணம் இல்லாமல் எடுத்துப் போனால் பறக்கும் படை பிடித்துக்கொள்ளும். கல்யாணத்துக்கு நகை வாங்கப் போனவர்களும் ஆட்டு வியாபாரிகளும் ஒவ்வொரு தேர்தலிலும் மாட்டுகிறார்கள். பணம் எடுத்த ரசீது பையில் இருக்கட்டும்.

சரி, எவ்வளவு? பையில் 450 ரூபாய் போதும்: பத்தில் ஐந்து, இருபதில் ஐந்து, ஐம்பதில் இரண்டு, நூறில் இரண்டு. கொஞ்சம் காசு. வீட்டில் ஒரு 5,000: நூறில் நாற்பது, ஐம்பதில் இருபது. அப்பா கொடுக்கும் ஐந்நூறுகளை வாங்கிக்கொள்ளுங்கள், அவர் மனம் நோகக் கூடாது; அன்றைக்கே பெட்ரோல் பங்கிலோ மருந்துக் கடையிலோ உடைத்துவிடுங்கள். தாளாக எடுத்தால் செலவாகிவிடுமே என்று பயப்பட வேண்டாம், தினமும் தொடுவதற்கல்ல அது.

சின்னத் தாள் எங்கே கிடைக்கும் என்பதுதான் மிச்சம். ஏடிஎம்மில் 2,000 கேட்டால் நான்கு ஐந்நூறுதான் வரும்; 400 கேட்டுப் பாருங்கள், நூறோ இருநூறோ இருந்தால் அதைத்தான் தந்தாக வேண்டும். ஆனால் மாதத்துக்கு சொந்த வங்கி ஏடிஎம்மில் ஐந்து தடவைதான் இலவசம், பிறகு தடவைக்கு 23 ரூபாய் வரை பிடிப்பார்கள். பெரும்பாலான ஏடிஎம்களில் 100 அல்லது 200 ரூபாய்த் தாள் இருக்க வேண்டும் என்று 2025 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது நல்ல காரியம்.

அதைவிட நல்ல வழி, நேரே கிளைக்குப் போய்க் காசாளரிடம் கேட்பது. நூறு தாள் கொண்ட பத்து ரூபாய்க் கட்டு ஆயிரம் ரூபாய்தான். கேட்பதற்கு ஒரு நாள் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பெரிய கோயிலின் கணக்கு எந்த வங்கியில் என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். உண்டியல் எண்ணிய மறுநாள் அந்தக் கிளையில் பத்தும் இருபதும் மூட்டையாக வந்து கிடக்கும், வைக்க இடமில்லாமல் காசாளர் விழிபிதுங்கி நிற்பார். அன்றைக்குப் பதினொரு மணிவாக்கில் போய்க் கேளுங்கள். மகராசன் வந்தாரே என்று இரண்டு கட்டாகத் தருவார். தாள்களில் கொஞ்சம் குங்குமம் ஒட்டியிருக்கும், தட்டிவிட்டு எண்ணுங்கள்.